ஒரு காது பாக்கி

பச்சைமலை அடிவாரத்தில் வேன் நின்ற இடத்தில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். வேப்பம்பாழி அருவிக்குக் குடும்பத்தோடு நடந்துபோக ஏற்ற எளிய பாதை என்று எழுதி, கீழே ஒரு அப்பா, ஒரு அம்மா, நடுவில் கைகோத்தபடி ஒரு பிள்ளை என்று படமும் போட்டிருந்தார்கள். படத்திலிருந்த அப்பாவுக்கு வாயெல்லாம் பல். என் புருஷன் பரணிதரன் என்னையும் மகள் கனிஷ்காவையும் அந்தப் பலகைக்கு முன்னால் இழுத்து நிறுத்தி செல்ஃபி எடுத்தான்.

"சிரி தனம்" என்றான். சிரித்துத் தொலைத்தேன். படம் எடுத்து முடித்ததும் என் கையைப் பிடித்தான். போன வாரம் தோசைத்திருப்பியைப் பழுக்கக் காய்ச்சி இழுத்த இடம் அவனுக்கு நன்றாகத் தெரியும். ஜாக்கெட்டின் நீளக் கைக்கு மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தினான்.

"மூஞ்சிய ஏன் இப்புடி வச்சிருக்க? உங்கண்ணன் பாக்குறாரு."

அண்ணன் பார்க்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். அண்ணன் பெயர் அறிவழகன். பெயரில்தான் அறிவு, கோபம் வந்தால் ஆள் வேறு. வரப்புத் தகராறில் ஒருத்தனை மண்வெட்டியால் போட்டுவிட்டுத் திருச்சி ஜெயிலுக்குப் போனவன். அடிபட்டவன் பிழைத்துக்கொண்டதால் அண்ணனும் பிழைத்தான். வெளியே வந்து, மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் ஒன்றை வாங்கி, ஊர் ஊராக ஓட்டி, இப்போதுதான் மனுஷனாக நிமிர்ந்திருக்கிறான். அண்ணி வெற்றிச்செல்விக்கு வயிற்றில் பிள்ளை. என் உடம்பில் இருப்பதை அவன் ஒரு தடவை பார்த்தால் போதும், பரணிதரன் பிணம். அண்ணன் திரும்ப உள்ளே. அண்ணி கைப்பிள்ளையோடு ஜெயில் வாசலில் நிற்பாள்.

எங்கம்மா வீரம்மாளுக்கு மட்டும் தெரியும். "கையி நீளமா வச்சுத் தைச்சுப் போட்டுக்கடி, அவன் கண்ணுல பட்டுடாம" என்று அழுதுகொண்டே சொல்லியிருந்தது. வைத்தியத்தைப் பாருங்கள், சூடு வைத்தால் ஜாக்கெட்டுக்குக் கை நீளமாம். ஆனாலும் நானும் அதைத்தான் செய்தேன்.

கனிஷ்காவுக்குக் காது குத்து. அருவிக்குப் பக்கத்தில் மருதமரத்தடியில் இருக்கிற பாழி முனியப்பன் என் பிறந்தவீட்டுக் குலசாமி. அவருக்குக் கெடா வெட்டி, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்துக் குத்தவேண்டும். எல்லோர் வீட்டிலும் தாய்மாமன் மடிதான். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு பயம் உண்டு. இரண்டு காதும் குத்தி முடிகிறவரைக்கும் மாமன் எழுந்திருக்கக் கூடாது.

இது சும்மா வந்த பயம் இல்லை. அண்ணனுக்கு இதே மரத்தடியில் காது குத்தியபோது, ஒரு காது ஆனவுடன் கெடாத்தலை யாருக்கு என்று சண்டை வந்திருக்கிறது. எங்கள் தாய்மாமன் பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்து போயிருக்கிறார். போனவர் வெட்டுப்பட்டு அங்கேயே செத்தார். அதற்கப்புறம் அண்ணனின் இன்னொரு காதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்றைக்கும் அவனுக்கு ஒரு காதில்தான் ஓட்டை. ஜெயிலுக்குப் போனதுகூட அந்தப் பாதிக் காதால்தான் என்று நம்புகிறவன். "என் மருமவளுக்கு ரெண்டு காதும் ஆவுற வரைக்கும் மலையே சரிஞ்சு விழுந்தாலும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்று வேனிலேயே பத்துத் தடவை சொல்லிவிட்டான்.

பாதை பலகையில் எழுதியிருந்தபடி எளிதாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஓடை, ஓடையோரமாகவே ஒற்றையடிப் பாதை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்ததால் தண்ணீர் பாறைகளை அறைந்துகொண்டு இறங்கியது. அண்ணன் துணியில் சுற்றிய அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போனான். கெடாவை அம்மா பிடித்திருந்தது. காது குத்த வந்த குழந்தைவேல் பத்தர் பெரம்பலூரிலிருந்தே எங்களோடு வேனில் வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். கனிஷ்கா வழியெல்லாம் தழை பறித்துக் கெடாவுக்கு ஊட்டினாள். அதன் கதி அவளுக்குத் தெரியாது.

பாதி வழியில் பாறை மேல் மூன்று பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கடக்கும்போது ஒருத்தன் காலி பாட்டிலை ஓங்கிப் பாறையில் அடித்தான். சில்லு தெறித்து கனிஷ்காவின் காலடியில் விழுந்தது. பிள்ளை வீலென்று கத்தினாள்.

அண்ணன் திரும்பினான். அரிவாளை என்னிடம் நீட்டி, "புடி" என்றான். அவ்வளவுதான் பேச்சு. பாறை மேல் ஏறி அந்த ஆளின் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான். முகத்திலேயே குத்தினான். மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. மற்ற இரண்டு பேரும் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடினார்கள். அண்ணன் விடவில்லை. அவனைத் தரதரவென்று இழுத்துப்போய் ஓடைத் தண்ணீரில் தலையை அமுக்கினான். அந்த ஆளின் கால்கள் உதறின. நானும் அம்மாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தோம், அசையவில்லை.

அண்ணி பக்கத்தில் வந்து நின்று, "ஏங்க, வயித்துல இருக்கறத ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்க" என்றாள்.

பிடி தளர்ந்தது. அந்த ஆள் இருமிக்கொண்டே தவழ்ந்து போனான். அண்ணன் கைகளைக் கழுவிக்கொண்டு, "தப்புதான், தப்புதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பரணிதரன் இவ்வளவு நேரமும் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஆபீசில் மேனேஜர். வெளியில் ஒரு ஈயைக்கூட அடிக்கமாட்டான். "மச்சானுக்கு இன்னும் கோவம் கொறையலயே" என்று சிரித்தான். மற்றவர்கள் நடக்கத் தொடங்கியதும் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"பாத்தியா? எங்கிட்ட இருந்து ஒன்ன காப்பாத்த ஆளு இல்லாம இல்ல. ஆனா அவரு கொன்னுட்டுத்தான் ஓய்வாரு. அப்புறம் ஒங்கண்ணி தாலிக்கு நீ பதில் சொல்லு. போ, போயிச் சொல்லு பாப்போம்."

பாவி. எங்கண்ணனின் கோபத்தையே தனக்குக் காவலுக்கு வைத்திருந்தான். எனக்கு அந்த இடத்திலேயே அவன் குரல்வளையைக் கடிக்கவேண்டும்போல இருந்தது. அரிவாளை அண்ணனிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

அருவி வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. மேலிருந்து விழுந்த தண்ணீர், பாறையில் அது தானாகவே தோண்டிக்கொண்ட பாழிக்குள் குதித்துச் சுழன்றது. கொஞ்சம் தள்ளி மருதமரத்தடியில் முனியப்பன் கல். அம்மா பொங்கல் வைத்தது, மஞ்சத்தண்ணி தெளித்தது. கெடா தலையை உதறித் துளுக்கி உத்தரவு கொடுத்ததும் அண்ணன் ஒரே வெட்டு. தலை ஒரு பக்கம் போனது, உடல் இன்னொரு பக்கம் கிடந்து காலை உதைத்தது. ரத்தம் கல்லில் வழிந்து ஓடைக்கு இறங்கியது. இவ்வளவு நேரம் தழை ஊட்டிய கனிஷ்கா கண்ணைப் பொத்திக்கொண்டு என் புடவைக்குள் புகுந்தாள். அண்ணன் அரிவாளைக் கல்லோரம் சாய்த்துவிட்டு அருவியில் முழுகப் போனான். பரணிதரன் அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளுத்திருந்தது.

அடுத்து என் முறை. நான் அருவியில் முழுகி, அண்ணன் கொண்டுவந்த சீர்ப் புடவையைக் கட்டிக்கொண்டு போனால்தான் காது குத்தத் தொடங்குவார்கள். நான் முழுகிவிட்டு வந்ததும், பாறை மறைவில் அண்ணி ஒரு புடவையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பையைத் திறந்தாள். அரக்குப் புடவை, அதற்கேற்ற ஜாக்கெட்.

"ஒன்னோட அளவு ஜாக்கெட்ட அத்த எடுத்துக் குடுத்தாங்க. அத வச்சுத்தான் பெரம்பலூர்ல தைக்கக் குடுத்தேன். சரியா இருக்கும் பாரு" என்றாள்.

எடுத்துப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தி அம்மா வீட்டில் விட்டுப் போன ஜாக்கெட்டின் அளவு அது. கை நாலு விரற்கடை. முதுகு பாதி திறந்தது. அளவு ஜாக்கெட்டுக்கு என்ன தெரியும், நடுவில் நான் யாரிடம் வாழ்ந்தேன் என்று? அதை எடுத்துக் கொடுத்தது எங்கம்மா! கை நீளமாகத் தைத்துப் போடச் சொன்ன மகராசி, பேத்தி காதுகுத்துச் சந்தோஷத்தில் அதை மறந்தே போயிருக்கிறது.

"அண்ணி, இது வேணாம். பழசே போட்டுக்கறேன்."

"ஈரத்துணியோட சாமிகிட்ட நிப்பியா? என்ன பேச்சு இது. திரும்பு, கொக்கிய கழட்டி விடுறேன்."

தடுப்பதற்குள் கழற்றிவிட்டாள். என் முதுகில் சார்ஜர் வயரால் அடித்த வரிகள் இருக்கின்றன. தோளுக்குக் கீழே வரிசையாகச் சூடு. திரும்பிப் பார்த்தேன். திரைப்புடவையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"எத்தன நாளா?"

"கேக்காதீங்க அண்ணி. அண்ணனுக்குத் தெரிய வேணாம்."

அவள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். அவள் மனதில் ஓடியது எனக்குத் தெரியும். சொன்னால் நான் பிழைப்பேன், அவள் கெட்டாள். பாவம், என் முகத்தைப் பார்க்கமுடியாமல் அந்த ஜாக்கெட்டையே போட்டுவிட்டு, முந்தானையை இழுத்துக் கழுத்தோடு போர்த்திவிட்டாள். "குளுருதுன்னு சொல்லிக்க" என்றாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை.

மரத்தடியில் அண்ணன் சம்மணம்போட்டு உட்கார்ந்தான். கனிஷ்காவை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டான். அவள் சீர்ப் பாவாடை விரிந்து கிடந்தது. பத்தர் ஊசியைச் சாமி முன்னால் காட்டிவிட்டு, ஒரு தங்கக் கம்பியைக் கையில் எடுத்தார், இன்னொன்றைத் தன் காதுமடலில் செருகிக்கொண்டார்.

"மாமனே, புடிய விட்டுறாத" என்றார்.

"செத்தாலும் விடமாட்டேன் பத்தரே. குத்துங்க."

முதல் காதில் ஊசி இறங்கியது. கனிஷ்கா அலறினாள். கம்பியை மாட்டி முறுக்கியதும் இன்னும் பெரிதாக அலறினாள். அண்ணன் அவள் உச்சியை முகர்ந்து, "ஆச்சுடி தங்கம், இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கொஞ்சினான்.

பின்னாலிருந்து பரணிதரன் கத்தினான். "ஏய்! வாய மூடு!"

அழுகை அறுந்தது. கனிஷ்கா இரண்டு கைகளையும் தூக்கித் தலையை மூடிக்கொண்டு, முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துச் சுருண்டாள். மழையில் நனைந்த கோழிக்குஞ்சுபோல ஆகிவிட்டாள். ஒரு பிள்ளை சும்மா அந்த மாதிரி தலையை மூடாது.

அண்ணன் மெதுவாகத்தான் கேட்டான். "ஏன் தங்கம் கைய தூக்குற? யாரு அடிப்பா?"

"அப்பா. அம்மா கடைக்குப் போயிருக்கறப்ப."

"ஏன் நீ அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா அம்மாவுக்கு இன்னொரு சூடு வைப்பேன்னாங்க."

நான் அண்ணனுக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். நாலு வயசுப் பிள்ளை எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். அதுவரைக்கும் என் உடம்பில் விழுந்த ஒரு அடியும் எனக்கு இப்படி வலித்ததில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தான். போர்த்தியிருந்த முந்தானையைப் பார்த்தான். அவன் கண் அங்கிருந்து நகர்ந்து கல்லோரம் சாய்ந்திருந்த அரிவாளுக்குப் போனது. பிள்ளையை அணைத்திருந்த கை பிரியத் தொடங்கியது. எல்லாம் முடிந்தது என்று எங்கம்மா தலையில் அடித்துக்கொண்டது.

நான்தான் முந்தினேன். ஓடிப்போய் ரத்தம் காயாத அந்த அரிவாளை எடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அருவி விழுகிற பாழிக்குள் வீசினேன். திரும்பி நின்று அடித்தொண்டையில் கத்தினேன்.

"எந்திரிக்காதண்ணே! ஒரு காது பாக்கி இருக்கு!"

அண்ணன் பாதி எழுந்திருந்தான். பத்தர் அவன் தோளில் கையை வைத்து அமுக்கினார். அண்ணனின் கை தன்னால் மேலே போய், குத்தாத தன் காதைத் தொட்டது. அப்புறம் அவன் உட்கார்ந்தான். பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து அவள் முகத்தைத் தன் தோளில் மறைத்துக்கொண்டான்.

"பத்தரே, சீக்கிரம் குத்துங்க! சீக்கிரம் இன்னொண்ணையும் குத்துங்க! நான் எந்திரிக்கணும்!" என்று அலறினான்.

பத்தர் பையைக் கவிழ்த்துத் தேடத் தொடங்கினார். "கம்பிய இங்கதானப்பா வச்சேன். காணமே." கம்பி அவர் காதுமடலிலேயே பளபளத்துக்கொண்டிருந்தது. நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். கீழே குனிந்து மண்ணைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அது போதும். முந்தானையை உருவி இடுப்பில் செருகினேன். கை, தோள், முதுகு எல்லாம் தெரிய, "பாருங்க, எல்லாரும் நல்லா பாத்துக்கங்க!" என்று சுற்றிக் காட்டினேன். கெடாக்கறிக்குப் போட்ட அடுப்பிலிருந்து ஒரு விறகை உருவிக்கொண்டு பரணிதரனிடம் போனேன். நுனி கனன்றுகொண்டிருந்தது.

"தனம், வேணாம். வூட்டுக்குப் போயிப் பேசிக்கலாம்" என்று பாழிப் பக்கமாகப் பின்வாங்கினான்.

"வூடா? இங்கயே பேசலாம் வாடா."

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அவன் தடுத்த கையில். விரல் ஒடிந்த சத்தம் எனக்குக் கேட்டது; நன்றாக இருந்தது. அவன் சும்மா இருக்கவில்லை. என் முடியைக் கொத்தாகப் பிடித்துப் பாறையில் மோதினான். புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. வயிற்றில் உதைத்தான். விழுந்தேன். அண்ணன் உட்கார்ந்த இடத்திலிருந்து மாடு கத்துவதுபோலக் கத்தினான். "தனம், எந்திரி! எந்திரிச்சுரு!" ஆனால் அவன் எழுந்திருக்கவில்லை. அவன் கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது.

பரணிதரன் குனிந்து என் கழுத்தைப் பிடித்தான். அப்போது எங்கம்மா வந்தது. இத்தனை வருஷமாக நீளக்கை ஜாக்கெட் சொன்ன எங்கம்மா, பொங்கல் கிண்டிய கரண்டியால் அவன் பின்மண்டையில் ஒன்று போட்டது. "எம்புள்ளைய விடுறா, எடுபட்ட பயலே!" பிடி விட்டது. நான் அவன் மணிக்கட்டைக் கடித்தேன். வாயில் உப்புக் கரிக்கிறவரைக்கும் விடவில்லை. அவன் அலறிக்கொண்டு நிமிர்ந்ததும் கிடந்தபடியே இரண்டு காலாலும் எட்டி உதைத்தேன். பாசிப் பாறையில் சறுக்கிப் பாழிக்குள் விழுந்தான்.

அருவி அவன் தலை மேல் இறங்கியது. முங்கினான், எழுந்தான், திரும்ப முங்கினான். நான் எழுந்து, கீழே கிடந்த விறகை எடுத்து, விளிம்பைப் பிடிக்க வந்த கையை அடித்தேன். திரும்ப வந்தான்; திரும்ப அடித்தேன். அவன் கண்ணில் பயத்தைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து என் கண்ணில் அவன் பார்த்துக்கொண்டிருந்த அதே பயம். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் அவன் செத்திருப்பான். எனக்கு அப்படியே விட ஆசையாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன்.

"தனம்" என்று அண்ணி கூப்பிட்டாள். வயிற்றில் கைவைத்துக்கொண்டு பாழி ஓரத்தில் நின்றாள். "போதும். நீ உள்ள போயிட்டா கனிய யாரு பாப்பா?"

விறகைக் கீழே போட்டேன். அவன் தவழ்ந்து ஏறி, தண்ணீரைக் கக்கினான். ஒரு செருப்போடு நொண்டிக்கொண்டு பாதையில் இறங்கினான். தூரம் போனதும் தைரியம் வந்துவிட்டது. "ஒங்க குடும்பத்தையே உள்ள தள்ளுறேன் பாரு! போலீசுக்குப் போறேன்!" என்று கத்தினான்.

"போடா! நானும் அங்கதான் வரேன்! மகளிர் ஸ்டேஷன்ல இந்த ஜாக்கெட்டோடதான் நிப்பேன்!"

அவன் உருவம் மரங்களுக்குள் மறைந்தது. அருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடடே, இந்தா இங்க இருக்கு பாரேன்" என்று பத்தர் காதுமடலிலிருந்து கம்பியை எடுத்தார். இரண்டாவது காதில் ஊசி இறங்கியபோது கனிஷ்கா வாய்விட்டு, மலை அதிர அழுதாள். யாரும் அவளை வாயை மூடச் சொல்லவில்லை. நானும் அவளோடு சேர்ந்து அழுதேன். அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே குலவை போட்டது.

பிள்ளையை வாங்கக் கை நீட்டியபோது அவள் பாவாடையில் ரத்தம் பார்த்தேன். காதுக்கு நேரே இல்லை, இடுப்புப் பக்கம் இரண்டு பெரிய கறை. பதறிப்போய் அவளைத் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. அண்ணனின் கைகளைப் பிடித்துப் பிரித்தேன். விரல்கள் மடங்கியே இருந்தன. இரண்டு உள்ளங்கையிலும் அவன் நகங்களே இறங்கிக் கிழித்திருந்தன.

சாமியும் கும்பிட்டாயிற்று, கம்பியும் முறுக்கியாயிற்று. அவன் இன்னும் சம்மணத்தைக் கலைக்கவில்லை. அவனைப் பிடித்து உட்காரவைக்க இப்போது எந்தச் சடங்கும் பாக்கியில்லை. ஓடி இறங்கினால் வேனுக்குப் போவதற்குள் பரணிதரனைப் பிடித்துவிடலாம். அண்ணன் பாதையைப் பார்க்கவில்லை. என் முகத்தில் வழிந்த ரத்தத்தைத் தன் துண்டால் துடைத்தான். ஜெயிலிலிருந்து வந்த அன்று அம்மா முன்னால் நின்ற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப எந்திரிக்கலாமா தனம்?" என்று என்னைக் கேட்டான்.

"எந்திரிண்ணே" என்று கையைக் கொடுத்தேன்.